பதினொரு பேருக்கு ஒரே திகதி

என் எழுத்து கோழி கிளறினது போல இருக்கும். தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ர வர வேண்டிய இடத்தில் ற வந்திருக்கும், ன, ண இரண்டும் எனக்கு ஒன்றுதான். படிக்கிறவர்கள் கோபிக்காமல் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள். ஆனால் இதில் வரும் திகதிகளை மட்டும் யாரும் திருத்த வேண்டாம். அவை சரியானவை.

எங்கள் லயத்து வீட்டு வரிசையில், சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பராவில் இருந்த ஓர் அக்காவைப் பற்றி எழுதப் போகிறேன். அவருடைய பெயரை எழுத மாட்டேன். தோட்டத்து ஆபீஸ் அந்தப் பெயரை மூன்று புத்தகத்தில் மூன்று விதமாக எழுதி வைத்திருந்தது. நாலாவது விதமாக எழுத எனக்கு விருப்பமில்லை.

அக்கா குள்ளம். கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கை வீட்டுக்கு வந்தும் அவிழ்க்க மாட்டார். எதைக் கட்டினாலும் முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்துப் பார்ப்பார். ஒரு சொல் மட்டும் அவருக்கு ஆகாது. 'போதும்' என்ற சொல். சாப்பிடும்போது சோறு போதும் என்றால் ஒன்றும் சொல்ல மாட்டார். ஒருவர் இன்னொருவரைக் காட்டி 'இவங்களுக்கு இது போதும்' என்று சொன்னால்தான் வினை. காதில் கிடக்கும் தோட்டைத் திருகத் தொடங்குவார். தோடு ஒரு முழுச் சுற்றுச் சுற்றியதும் வாய் திறக்கும்.

ஒரு மழைக்காலத்தில் லயத்துக் கூரை ஒழுகியது. ஐந்து தகரம் கேட்கச் சொல்லி என்னை அனுப்பினார்கள். ஆபீசில் கிளாக்கர் இரண்டைக் காட்டி, "இப்போதைக்கு இது போதும், தூக்கிட்டுப் போ" என்றார். நான் "சரிங்க" என்று தூக்கி வந்தேன். லயத்து வாசலில் அக்கா நின்றார்.

"எத்தனை கேட்ட?"

"அஞ்சுங்க அக்கா."

"எத்தனை குடுத்தாங்க?"

"ரெண்டு. பரவாயில்லங்க..."

"யாருக்குப் பரவாயில்ல? மழைக்கா?"

இரண்டு தகரத்தையும் தன் தலையில் ஏற்றிக்கொண்டு ஆபீசுக்குப் போனார். வாசற்படிக்கு முன்னால் அவற்றைப் பரப்பி வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். உள்ளே போகிறவர், வருகிறவர் எல்லாரும் அதில் மிதித்துத்தான் போக வேண்டும். ஒவ்வொரு மிதிக்கும் 'டமார்' என்று சத்தம். எடுத்து ஓரமாக வைக்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. வைத்தவர் யார் என்று எல்லாருக்கும் தெரியும். தோட்டத்தை நடத்துகிற துரையே இரண்டு நாள் அந்தச் சத்தத்தோடு வேலைக்கு வந்தார். நாலாம் நாள் மீதி மூன்று தகரமும் லயத்துக்கு வந்து சேர்ந்தன. அதற்குப் பிறகுதான் அக்கா போய் அந்த இரண்டையும் எடுத்து வந்தார். மிதிபட்டு நெளிந்திருந்தன. "நெளிஞ்சது ரெண்டும் என் காம்பராவுக்கு" என்றார்.

அதனால் எல்லாருக்கும் அவரைப் பிடிக்கும் என்று நினைக்க வேண்டாம். ஒரு கல்யாண வீட்டில் பந்திக்கு வந்த பிள்ளைகளுக்கு அரை அப்பளம் வைத்தவனுடைய கையிலிருந்து கூடையையே பிடுங்கிவிட்டார். மாப்பிள்ளை வீட்டுக்காரர் முகம் சுருங்கிப் போனது. நல்லது செய்தாலும் நாலு பேர் மனம் நோகச் செய்வார். எனக்கும் நொந்தது. அதை எழுதத்தான் இதைத் தொடங்கினேன்.

1998 தொடக்கத்தில் என் மகள் டவுன் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புச் சேர்ந்தாள். எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வரைதான். பூனாகலைப் பக்கத்திலிருந்து பண்டாரவளைக்குக் காலை பஸ்ஸில் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் பதினொரு பேர் போனார்கள். முதல் கிழமையிலேயே, ஏழு நாள் ஆகும் முன்பே, வகுப்பு டீச்சர் பிறப்புச் சான்றிதழ்களைப் பார்த்துப் பதிவு எழுதியிருக்கிறார். பதினொன்றிலும் ஒரே திகதி. 1987 மார்ச் 9.

"என்னடி இது, அன்னைக்கு உங்க மலையில பிள்ளை மழை பெஞ்சுதா?" என்று டீச்சர் கேட்டாராம். வேடிக்கையாகத்தான் கேட்டிருப்பார். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்திருக்கிறது. அன்றிலிருந்து எங்கள் பிள்ளைகள் பதினொரு பேருக்கும் பெயர் போய்விட்டது. "ஏய் மார்ச் ஒம்பது, கதவைச் சாத்து." "மார்ச் ஒம்பது எல்லாம் பின் வாங்குல போய் உக்காருங்க."

அந்த மாதக் கடைசியில் கடைக்காரர் மகள் ஒருத்திக்குப் பிறந்த நாள். வகுப்பில் எல்லாருக்கும் பளபளக்கும் காகிதப் பையில் ஆளுக்கொரு பென்சில், இரண்டு டொபி, ஒரு பலூன் கொடுத்தாள். கொடுத்துக்கொண்டே, "உங்க பதினொரு பேருக்கும் ஒரே கேக்கா, இல்ல கேக்கே இல்லயா?" என்று கேட்டிருக்கிறாள். என் மகள் அந்தப் பையைப் பிரிக்காமலே வீட்டுக்குக் கொண்டு வந்து என் மடியில் வைத்தாள்.

"நாளைக்கு நான் பள்ளிக்கூடம் போகல்ல."

"ஏம்மா?"

"அப்பா, நான் நெசமாவே எப்ப பொறந்தேன்?"

"மார்ச் ஒம்பதுதான்" என்றேன்.

பொய். உண்மையான திகதி எனக்குத் தெரியாது. அவள் பிறந்தபோது நான் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். நான் வீடு வந்தபோது பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியிருந்தாள். என் மனைவிக்குத் தெரியும். ஆனால் அவள் அப்போது குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்குப் போயிருந்தாள்.

அந்த மார்ச் ஒன்பது எப்படி வந்தது என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். 87ஆம் வருடம் அந்த நாள் காலைப் பெரட்டில், வேலைக்குப் பெயர் கூப்பிட்டு முடிந்ததும், பிறப்புப் பதியாத பிள்ளைகளின் அப்பன்மார் எல்லாரையும் ஆபீசுக்கு வரச் சொன்னார்கள். பதினொரு பேர் வரிசையில் நின்றோம். முதல் ஆள் நான். கிளாக்கர் தலை நிமிரவில்லை. மேசையில் இருந்த நாட்காட்டியைப் பார்த்து அன்றைய திகதியையே எழுதினார். "இன்னைய திகதி போடுறேன், சரிதானே?" என்றார். என் பிள்ளை அப்போது தலை நின்று, குப்புறப் புரளவும் தொடங்கியிருந்தாள். அன்று பிறந்த பிள்ளை எப்படிப் புரளும்? வாய் வரை வந்தது. "சரிங்க" என்றேன். எனக்குப் பின்னால் நின்ற பத்துப் பேரும் "சரிங்க" என்றார்கள். நான் 'இல்லைங்க' என்று சொல்லியிருந்தால் அவர்களும் சொல்லியிருப்பார்கள். அந்தக் கிளாக்கர் மீது எனக்கு இருக்கும் கோபத்தில் பாதி என் மீதும் இருக்கிறது. பாதிக்கு மேலேயே இருக்கும்.

லயத்துச் சுவர் மெல்லியது. அந்தப் பையைக் கொண்டு வந்த இரவு மகள் அழுதது அக்காவுக்குக் கேட்டிருக்கிறது. மறுநாள் பின்னேரம் கொழுந்து நிறுத்த கையோடு பதினொரு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனார். என்னைப் பார்த்தும் "நீயும் வா" என்றார். நான் கடைசியில் போனேன்.

"என்னம்மா, ஊர்வலமா?" என்றார் கிளாக்கர்.

"இந்தப் பதினொண்ணும் ஒரே நாள்லயா பொறந்துச்சுங்க ஐயா?"

"அப்பன்மாரைக் கேட்டுத்தான் எழுதினேன். அந்தா நிக்கிறானே ஒருத்தன், அவனையே கேளு."

நான் என் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். என் மகளும் பார்த்தாள்.

"கொழுந்து எடுக்கப் போற பிள்ளைங்களுக்குத் திகதியில என்ன கிடக்கு?" என்றார் கிளாக்கர். "வருசம் சரியா இருக்குல்ல. இவங்களுக்கு அது போதும்."

அக்காவின் கை காதுக்குப் போனது.

"வருசமும் தப்புங்க ஐயா. இதுல முக்காவாசி எண்பத்தாறுல பொறந்தது."

"உனக்குப் பிறந்த பதிவே கிடையாது. ஐடென்டி கார்ட் கேட்டு எத்தனை தரம் இந்த வாசல்ல நின்ன? நீ வந்துட்ட திகதி கேக்க!"

"இல்லாதவளுக்குத்தான் அதோட அருமை தெரியும்" என்றார் அக்கா. பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி, உள்ளே வேலை செய்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "மார்ச் ஒம்பதாந் திகதி, பெரட்டுக் களத்துல, உங்க பதினொரு பேருக்கும் பொறந்தநாள். டவுன் வகுப்பு முழுக்கக் கூப்புடுங்க. கிளாக்கர் ஐயாவும் வரணும். அன்னைக்கு உங்களப் பெத்தவரு அவருதான்."

உள்ளே யாரோ இருமுவது போலச் சிரித்தார்கள். கிளாக்கர் புத்தகத்தை மூடினார்.

எங்களுக்கு அப்போது பிறந்தநாள் கொண்டாடுவது பழக்கமில்லை. அது துரை பங்களாவில் நடக்கிற விஷயம். அக்காவும் ஒரு பிறந்தநாளையும் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை. அந்தப் பளபளப்புப் பையை என் மகளிடம் வாங்கிப் பிரித்துப் பார்த்தார். பென்சிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கடையில ஒரு சாமானும் வாங்கக் கூடாது" என்றார். "கடையில வாங்கினா, அவங்கள விட மட்டமா வாங்கினோம்னு தெரிஞ்சிரும். மலையில எடுத்ததுக்கு எவனுக்கு விலை தெரியும்?"

பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அந்தப் பதினொரு பிள்ளைகளுக்கும் அக்காவிடம் வேலை. பைன் காட்டில் விழுந்து கிடந்த காய்களைப் பொறுக்கினார்கள். கோயிலுக்கு வெள்ளையடித்து மிஞ்சிய சுண்ணாம்பில் அவற்றின் இதழ் நுனிகளை மட்டும் தொட்டுக் காயவைத்தார்கள். தேயிலைக் கொட்டைகளைக் கம்பியைச் சுட்டுத் துளைபோட்டு, நூலில் கோத்து மாலை செய்தார்கள். தொழிற்சாலைக்குப் பின்னால் உடைத்துப் போட்டிருந்த பழைய தேயிலைப் பெட்டிகளிலிருந்து ஈயத்தாளை உரித்து, நட்சத்திரம் நட்சத்திரமாக வெட்டினார்கள். மூங்கிலைக் கணு கணுவாக அறுத்து, மண் நிரப்பி, ஒவ்வொன்றிலும் ஒரு செவ்வந்தி நாற்று நட்டார்கள். அது டவுனிலிருந்து வருகிறவர்கள் வீட்டுக்குக் கொண்டு போக. கோதுமை மா வந்த மூட்டைத் துணியை வெளுத்து, தேயிலைத் தூளைக் கொதிக்கவைத்த தண்ணீரில் முக்கி, மண்ணிறச் சுருக்குப் பைகளாக அக்காவே தைத்தார். அது எங்கள் பிள்ளைகள் பதினொரு பேருக்கு.

கேட்க அழகாகத்தான் இருக்கும். கிட்ட நின்று பார்த்தவனுக்குத்தான் தெரியும். ஒரு பையன் சுண்ணாம்பை அள்ளிப் பூசிவிட்டான். அக்கா அந்தக் காயை வாங்கித் தரையில் போட்டுக் காலால் நசுக்கினார். "வேற பொறுக்கிட்டு வா." பையன் அழுதான். "அழுவுறதுக்கு ஒனக்கு வேற நாள் கெடைக்கும், இப்ப காட்டுக்குப் போ." கோணலாக வெட்டிய நட்சத்திரம் எல்லாம் அடுப்புக்குப் போனது. "சின்னப் பிள்ளைங்க தானே அக்கா, இது..." என்று தொடங்கினேன். அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிவிட்டேன்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு ஆபீஸ் பியூன் இரண்டு பக்கட் பிஸ்கட் கொண்டு வந்தான். கிளாக்கர் ஐயா கொடுத்துவிட்டாராம். ஒரு பக்கட் ஏற்கெனவே பிரித்திருந்தது. அக்கா இரண்டையும் அவன் கையிலேயே திருப்பி வைத்தார். பிள்ளைகள் பதினொரு பேரும் கழுத்தைத் திருப்பித் திருப்பி அந்தப் பிஸ்கட் அவனோடு பாதையில் இறங்கிப் போவதைப் பார்த்தார்கள். பிரிக்காத பக்கட்டையாவது வாங்கியிருக்கலாம். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

சுருக்குப் பைக்குள் என்ன வைப்பது என்று யாரும் கேட்கவில்லை. ஒரு பின்னேரம் அக்கா பழைய நாட்காட்டித் தாள்களைச் சதுரமாக வெட்டி எடுத்துக்கொண்டு என் காம்பராவுக்கு வந்தார்.

"நீ எழுது. நான் சொல்லுறேன்."

"என் எழுத்து நல்லா இருக்காதுங்க அக்கா. டீச்சர்கிட்ட குடுத்தா..."

"எழுத்து கோணலா இருந்துட்டுப் போகட்டும். திகதி நேரா இருக்கணும்."

அந்த ஆறு கிழமையும் அவர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேலை செய்யவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. மற்ற நாட்களில் இருட்டுவதற்கு முன்பு வீடு வீடாகப் போய், தாய்மார்களிடம் உட்கார்ந்து பிள்ளை பிறந்த நாளைக் கேட்டிருக்கிறார். சிலர் தகரப் பெட்டிக்கு அடியில் கிளினிக் அட்டை வைத்திருந்தார்கள். ஒருத்திக்கு நட்சத்திரம் மட்டும் ஞாபகம். ஒருத்தி, தீபாவளிக்கு மறுநாள் என்றாள். இன்னொருத்தி, மேமலையில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டத் தொடங்கிய அன்று என்றாள். கோயில் பண்டாரத்திடம் பழைய பஞ்சாங்கம் இருந்தது. அவரையும் விடாமல் உட்காரவைத்து ஒவ்வொன்றாகத் தேடச் சொல்லியிருக்கிறார். ஐயம் இருந்தால் மறுபடி அந்தத் தாயிடம் போவார். அப்படிப் பத்துத் திகதி அவர் வாயில் இருந்தது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒரு தாளில் ஒரு பெயர், ஒரு திகதி.

பத்தாவது முடிந்ததும் பதினோராவது தாளில் என் மகளுடைய பெயரை எழுதினேன். அக்கா கேட்டார். "உன் மகளுக்கு?"

"அவ அம்மாவுக்குத்தான் தெரியும்."

"உனக்கு?"

நான் பேனாவை மூடினேன். அக்காவின் கை தோட்டுக்குப் போனது. ஒரு முழுச் சுற்றுச் சுற்றியது. ஆனால் அன்று திட்டு வரவில்லை. "அப்ப எழுதிக் கேளு" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். அன்றே குவைத்துக்குக் கடிதம் எழுதினேன். மார்ச் ஒன்பது வந்துவிட்டது. பதில் வரவில்லை.

அன்று பின்னேரம் வகுப்பில் பாதிப் பேர் வந்தார்கள். டீச்சரும் வந்தார். கடைக்காரர் மகளும் வந்தாள். பெரட்டுக் களத்தைச் சுற்றி ஈயத்தாள் நட்சத்திரங்கள் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன. அக்கா எல்லாரையும் தரையில் உட்காரவைத்து, ஆளுக்கொரு துணித் துண்டு, ஒரு பெரணி இலை, ஒரு கல் கொடுத்தார். இலையைத் துணிக்கு நடுவில் வைத்து மடித்துக் கல்லால் தட்ட வேண்டும். பிரித்துப் பார்த்தால் இலையின் உருவம் நரம்பு நரம்பாகப் பச்சையாகப் பதிந்திருக்கும். களம் முழுக்க டக் டக் என்று சத்தம். டவுன் பிள்ளைகள் ஒரு துணியோடு விடவில்லை, இன்னொன்று கேட்டார்கள். எங்கள் பிள்ளைகள் எப்படித் தட்ட வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். "ஓங்கி அடிக்காத, இலை செத்துரும். மெதுவா." மார்ச் ஒம்பது என்று ஒருவரும் கூப்பிடவில்லை. பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள்.

மெழுகுதிரி இல்லை. ஊதி அணைப்பார்கள் என்று யாரோ சொன்னதற்கு அக்கா, "ஊதினா இருக்கிறது அணையக் கூடாது. ஏதாவது வரணும்" என்றிருந்தார். பூசணி இலைத் தண்டை வெட்டி, சவர்க்காரத் தண்ணீரில் தொட்டுப் பதினொரு பேரும் ஒன்றாக ஊதினார்கள். குமிழிகள் தேயிலைக்கு மேலே போயின. தேங்காய்ப்பூவும் கருப்பட்டியும் வைத்து அடுக்கிய ரொட்டியைக் கேக் மாதிரி வெட்டினார்கள். கிளாக்கர் ஆபீஸ் விறாந்தையில் நின்று பார்த்தார். இறங்கி வரவில்லை.

பிறகு அக்கா சுருக்குப் பைகளைக் கொடுத்தார். ஒவ்வொருவரும் பிரித்து, எழுந்து நின்று உரக்க வாசிக்க வேண்டும். "என் பிறந்த நாள் ஆகஸ்ட் இருபத்தொன்று." "என் பிறந்த நாள் அக்டோபர் மூன்று." டவுன் பிள்ளைகள் கை தட்டினார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். பத்துப் பேர் வாசித்தார்கள்.

பதினோராவது என் மகள். தாளை எடுத்தாள். முன்பக்கம் பார்த்தாள். பின்பக்கம் பார்த்தாள். அவளுடைய பெயர் மட்டும் இருந்தது, என் எழுத்தில். கடைக்காரர் மகள் பக்கத்தில் இருந்தவளின் காதில் ஏதோ சொன்னாள்.

அக்கா சொன்னார்: "உன் திகதி உன் அப்பன்கிட்ட இருக்கு. வாங்கிக்க."

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து தேயிலைக்குள் இறங்கிப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு ஐந்து கிழமை. மகள் பள்ளிக்கூடம் போனாள். தினமும் வந்து பையைக் கழற்றும் முன்பு, "கடிதம் வந்துச்சா?" என்பாள். "இன்னும் இல்லம்மா." வேறு ஒன்றும் பேச மாட்டாள். அந்த வெறும் தாளைச் சுருக்குப் பையிலேயே வைத்திருந்தாள்.

சித்திரை வருடப் பிறப்பு முடிந்து கடிதம் வந்தது. என் மனைவி எழுதியிருந்தாள்: '86 நவம்பர் 17. விடியக்காலையில். ஆஸ்பத்திரிக்குப் போக நேரமில்லை. பக்கத்துக் காம்பரா அக்காதான் பிள்ளையைக் கையில் வாங்கினார். அவருக்கு நேரம்கூடத் தெரியுமே, அவரைக் கேட்கவில்லையா?'

அந்தக் கடிதத்தோடு அக்காவின் காம்பராவுக்குள் போனேன். படங்குக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். என் வாழ்க்கையில் அதுவரை யாரிடமும் அப்படிச் சத்தம் போட்டதில்லை.

"உங்களுக்குத் தெரியும்! நீங்கதான் கையில வாங்கியிருக்கீங்க!"

"ஆமா. தொப்புள்கொடி கட்டின நூலு இந்தப் படங்குல உருவினதுதான்."

"அப்ப ஏன் சொல்லல? பிள்ளை அத்தனை பேருக்கு முன்னால வெறுந்தாளைப் புடிச்சிக்கிட்டு நின்னுச்சே!"

நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "எனக்குத் தெரிஞ்சாப் போதுமா?"

மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன்.

"இவ்வளவு சத்தம் ஒனக்கு வரும்னு இத்தனை வருசமாத் தெரியாமப் போச்சே" என்றார். "இதுல பாதியை அன்னைக்கு அந்த ஆபீஸ்ல போட்டிருந்தா, நான் ஏன்டா வீடு வீடா அலையணும்?"

அவர் சொன்னது சரி. அதனாலேயே அந்தக் கோபம் எனக்கு அடங்கவில்லை. அப்பனை அடிக்கப் பிள்ளையைப் பிரம்பாக எடுத்திருக்கக் கூடாது. அன்று நான் தேயிலைக்குள் போனபோது என் மகளின் முகத்தை நான் பார்க்கவில்லை, அக்கா பார்த்தார். பார்த்தும் சொல்லவில்லை. ஒரு வருடம் நான் அவரோடு பேசவில்லை. அவர் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் வழக்கம்போல யாரையாவது திட்டிக்கொண்டிருந்தார்.

கடிதம் வந்த அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் மகளின் வெறும் தாளை வாங்கித் திகதியை எழுதிக் கொடுத்தேன். அவள் வாசித்தாள்.

"அப்பா, நவம்பர்ல கடைசி எழுத்துக்குப் புள்ளி வைக்கல."

"குடு, வச்சுத் தாரேன்."

"வேணாம். இப்படியே இருக்கட்டும்." பையில் போட்டு இறுக்கி, முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்துப் பார்த்தாள். அதை யாரிடம் பழகினாள் என்று எனக்குத் தெரியும்.

2005இல் அக்கா நெஞ்சு வலியில் இறந்தார். சொந்தம் என்று யாரும் இல்லை. இறப்பை எழுதிக் கொடுக்க நான்தான் ஆபீசுக்குப் போனேன். பழைய கிளாக்கர் போய்விட்டார். புதிதாக ஒரு பையன் இருந்தான். மரியாதையான பையன்தான்.

"பிறந்த திகதி?"

"தெரியாதுங்க."

"வயசு?"

நான் யோசித்தேன். அவன் பேனாவோடு காத்திருந்தான். "அறுபதுன்னு போட்டுக்கிறேன் அண்ணே. இதுக்கு அது போதும்தானே?"

"சரிங்க" என்றேன்.

பெரட்டுக் களம் வரை வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. திரும்பிப் போயிருக்கலாம். 'போதாது, நான் விசாரித்து வந்து சொல்கிறேன்' என்று சொல்லியிருக்கலாம். அவரைவிட மூத்த இரண்டு கிழவிகள் அப்போது கீழ் லயத்தில் உயிரோடு இருந்தார்கள். எத்தனையோ வீட்டு வாசலில் உட்கார்ந்து அவர் கேட்டாரே, அவருக்காக நான் ஒரு வாசலில் உட்கார்ந்து கேட்கவில்லை. வீட்டுக்குத்தான் போனேன். இடுகாட்டில் அவரை அறுபது வயதோடு புதைத்தோம்.

என் மகள் இப்போது கொழும்பில் ஒரு கார்மெண்டில் வேலை செய்கிறாள். அவளுடைய எல்லாக் கடதாசியிலும் மார்ச் ஒன்பதுதான். வருடம் தோறும் அங்கே இருக்கிறவர்கள் அன்று அவளுக்குக் கேக் வெட்டுகிறார்கள். "சிரிச்சிக்கிட்டு நிக்கணும்பா" என்பாள். போன மாதம் நான் யாரிடமும் சொல்லாமல் பதுளைக்கு, மாவட்ட ஆபீசான கச்சேரிக்குப் போனேன். திகதியைத் திருத்த முடியுமா என்று கேட்டேன். அங்கே அந்த வேலையைப் பார்க்கிற அம்மா பொறுமையாகப் பேசினார். மனைவியின் கடிதத்தைக் காட்டினேன்.

"பிள்ளை பிறந்ததைப் பார்த்தவங்க யாராவது இருக்காங்களா?"

"இருந்தாங்க" என்றேன்.

"பரவாயில்ல. எப்படித் தப்பாப் போச்சுன்னு நீங்களே எழுதிட்டு வாங்க. ஒரு பக்கம் போதும்."

வீட்டுக்கு வந்து கொப்பியைத் திறந்து எழுதிப் பார்த்தேன். கிளாக்கரை எழுதினேன், நாட்காட்டியை எழுதினேன், 'சரிங்க' என்று நான் சொன்னதை எழுதினேன். பக்கம் நிறைந்துவிட்டது. அக்கா இன்னும் உள்ளே வரவே இல்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். இவ்வளவு ஆகிவிட்டது. இதையே கொண்டு போய்க் கொடுப்பேன். நீளம் என்று சொன்னால், ஒரு பக்கம் போதாதுங்க என்று சொல்லப் போகிறேன்.

எழுதி முடித்த திகதி 2009 மார்ச் 9. இன்று என் மகளுடைய பிறந்த நாள் இல்லை.